வளைவான எழுத்தும் வெளியில் கிடைக்கும்
தமிழ் எழுத்துகள் வளைவும் சுழியுமாக இருப்பதால் சுற்றியுள்ள பொருள்களில் அவற்றைத் தேடிப் பிடிப்பது கடினம், ஆங்கிலத்துக்குத்தான் இது சரிவரும் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. 'ப' வடிவில் நாற்காலி போடச் சொல்கிறவர்கள்தானே நாம்! விடுமுறையில் மகளோடு வீட்டிலேயே தேடினேன். உரித்த தேங்காயின் மூன்று கண்களும் அப்படியே ஃ. ஸ்டூலைக் கவிழ்த்தால் ப, நிமிர்த்தினால் துணைக்கால். மாடிப்படியைப் பக்கவாட்டில் பார்த்தால் படிக்கொரு ட. சரி, இவையெல்லாம் புள்ளியும் நேர்கோடும்தானே என்பீர்கள். பாகற்கொடியின் பற்றுக்கம்பி சுருண்ட இடத்தில் அழகான உ ஒன்று இருந்தது, அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். மேசை, கதவோடு நிறுத்தாமல் கொடி, கயிறு பக்கமும் பார்க்க வேண்டும். எங்கேயும் கிடைக்காத ழ-வை அப்புறம் முறுக்கு மாவில் கையாலேயே சுற்றிச் செய்தோம். ஞ-வை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.