மெக்சிகன் அவரை மசியல் எல்லா இடத்திலும் சைவமன்று

மலேசியாவின் ஈப்போ நகரிலுள்ள மெக்சிகன் உணவகத்துக்குச் செல்வது பற்றிய ஓர் உரையாடலில், அங்கு டாக்கோவுடன் (உள்ளீடு வைத்து மடித்த ரொட்டி) தரப்படும் அவரை மசியலில் இறைச்சி இல்லாததால் விரதக்காரர்களும் தயங்காமல் உண்ணலாம் என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். சுங்கை சிப்புட் நண்பர்கள் பலரும் அதைப் பகிர்ந்துவருகிறார்கள். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'ஃபிரிஹோலேஸ் ரெஃப்ரிதோஸ்' எனப்படும் அந்த மசியல், வேகவைத்த அவரையைக் கொழுப்பில் வதக்கி மசித்துச் செய்யப்படுவது. மரபான சமையலில் அக்கொழுப்பு பெரும்பாலும் பன்றிக் கொழுப்பே. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் பன்றிகளைக் கொண்டுவந்த பிறகே அது மெக்சிகோவின் அடுப்படிக்குள் நுழைந்தது. இன்று தாவர எண்ணெயில் செய்யும் உணவகங்களும் ஏராளம் என்பதால், தட்டைப் பார்த்து மட்டும் எதையும் முடிவுசெய்ய இயலாது.

சரிபார்ப்பது எளிது. உணவு வரவழைக்கும் முன், மசியலை எந்தக் கொழுப்பில் வதக்குகிறீர்கள் என்று சமையலறையில் கேட்டுவரும்படி பணியாளரிடம் சொல்லுங்கள். அது டப்பாவில் வந்ததென்றால் டப்பாவையே காட்டச் சொல்லலாம். பன்றிக் கொழுப்போ மாட்டிறைச்சிப் பொருளோ கலந்திருந்தால் அதை உறையில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறை. ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் பன்றிக் கொழுப்பு இராது. எனினும் மாட்டுக் கொழுப்பு இருக்கக்கூடும் என்பதால், நம் வீட்டுப் பெரியவர்களுக்காக அங்கும் இதே கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.