கூரையைக் கழற்றி எறியாதீர்கள்

சென்ற வாரம் இண்டியானாவில் பழைய கார்களைச் சீரமைக்கும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு நாள் முழுவதும் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள். பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்று கிடந்தது. பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு காரின் கூண்டு. சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, முன்மூடி இல்லை. ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்த, ஏழு பேர் அமரும் லிமோசினின் கூண்டு மட்டும் நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. வாசற்படியை ஒட்டி, கூண்டைக் கட்டிய நிறுவனத்தின் பெயரோடு ஒரு சிறிய உலோகத் தகடு. வில்லோபி, யுடிகா, நியூயார்க்.

1931-ஆம் ஆண்டு லிங்கன் கார். அதன் சேசிஸ் என்னும் அடிப்பாகம் பட்டறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நின்றது, முதுகில் புதிதாகச் செய்த திறந்த கூண்டு ஒன்றோடு. "மூடிய காரை யார் வாங்குகிறார்கள்? இப்படி மாற்றினால் விலை பல மடங்கு" என்றார் உடன் வந்தவர். சொன்னது உண்மைதான். அந்த உண்மையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

இந்தக் கார்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்காவில், மிக உயர்ந்த விலையில் கார் வாங்குபவர் முழுக் காரை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொழிற்சாலை கொடுப்பது சேசிஸ்: சட்டம், எஞ்சின், சக்கரம், ரேடியேட்டர், முன்மூடி, மட்கார்டு. கூண்டைக் கட்டுபவர் வேறு. மொட்டைச் சேசிஸ் கரூருக்குப் போய் பஸ்ஸாகத் திரும்பி வருவதைப் பார்த்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. அங்கே கூண்டு கட்டியவர்களில் பலர் குதிரை வண்டி கட்டிய பரம்பரை. நியூயார்க்கின் புரூஸ்டர் நிறுவனம் 1810 முதல் வண்டி கட்டியது. மாசசூசெட்ஸின் ஜட்கின்ஸ், பஃபலோவின் புரூன், பென்சில்வேனியாவின் டெர்ஹாம், கலிபோர்னியாவில் பசடீனாவின் மர்ஃபி என்று ஊருக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு கைவாகு. மர்ஃபி கட்டிய காரை முன்கண்ணாடியின் மெல்லிய தூண்களைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1928 டிசம்பரில் நியூயார்க்கில் டியூசன்பர்க் நிறுவனத்தின் ஜே மாடல் கார் அறிமுகமானபோது கூண்டில்லாத வெறும் சேசிஸின் விலை 8,500 டாலர். அன்று ஃபோர்டின் மாடல் ஏ கார் ஒன்று ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்தது. அதாவது பதினேழு ஃபோர்டு கார்களின் பணத்தைக் கொடுத்த பிறகும் உட்கார ஓர் இருக்கைகூட வந்து சேராது. 6.9 லிட்டர் கொள்ளளவு, வரிசையாக எட்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வுகள், 265 குதிரைத் திறன் என்பது நிறுவனத்தின் கணக்கு. மொத்தம் கட்டியவை ஏறத்தாழ 480. எஞ்சினைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். எனக்குக் கூண்டுதான் பேச்சு.

கூண்டு எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் என் கோபம் உங்களுக்கு விளங்கும். முதலில் ஓவியம், அதை வைத்து முழு அளவில் சுவரெங்கும் வரைபடம், அதிலிருந்து தச்சருக்கு அளவுப் பலகைகள். தச்சர் கையிலெடுப்பது ஆஷ் மரம். அது உறுதியானது, வளைந்து கொடுக்கும், உடையாது, திருகாணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கழுந்தும் துளையுமாகக் கோத்து, பசையிட்டு, திருகாணி முடுக்கி ஓர் எலும்புக்கூட்டை அவர் எழுப்புகிறார். அதன் மேல் அலுமினியத் தகடு. அச்சில் வைத்து ஒரே அழுத்தில் எடுத்த தகடல்ல. சுத்தியலால் தட்டித் தட்டி வளைவுக்கு வரவழைத்து, துண்டுகளை ஒட்டவைத்து, அரத்தால் ராவி, இணைப்பு இருந்த இடமே தெரியாமல் செய்தது. பிறகு வண்ணம். அதன் பிறகு உள்ளே துணி வேலை.

இதில் மூடிய கூண்டு தனிச் சோதனை. மேடுபள்ளத்தில் ஓடும்போது சேசிஸ் முறுகும். அதோடு சேர்ந்து கூண்டும் முறுகும். திறந்த காரில் காற்று இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மூடிய காரிலோ ஒவ்வொரு மூட்டின் முனகலும் உள்ளே இருப்பவர் காதில் விழும். கதவு ஒரு நூல் இறங்கினால் தெரியும். கண்ணாடி தன் பள்ளத்தில் ஒரு நூல் ஆடினால் கேட்கும். அன்றைய கூரையின் நடுப்பகுதி தகடுகூட இல்லை. மரப்பட்டிகளை வரிசையாக வைத்து, பஞ்சு பரப்பி, மேலே நீர் புகாத துணியை இழுத்துக் கட்டியது. அத்தனை பெரிய எஃகுக் கூரையை ஒரே தகட்டில் அழுத்தி எடுப்பது ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில்தான் பெரிய அளவில் வந்தது. இந்தத் துணிக் கூரையை ஒழுகாமல், தொங்காமல், அதிராமல் கட்டுவதற்குத் தனியே கை தேர்ந்தவர்கள் வேண்டும்.

இன்னொரு செய்தி, கேட்டவர்கள் எல்லோரும் ஆச்சரியப்படுவது. அந்த லிமோசின்களில் தோல் இருக்கை ஓட்டுநருக்கு; முதலாளிக்கு மென்மையான கம்பளித் துணி. வண்டிக்காரர் மழையில் நனைவார், தோல்தான் தாங்கும் என்ற குதிரை வண்டிக் காலத்து வழக்கம் அப்படியே காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. யுடிகாவின் அந்தக் கூண்டிலும் அப்படித்தான். முன்னால் கறுப்புத் தோல், வெடித்திருந்தது. பின்னால் சாம்பல் நிறத் துணி, பூச்சி அரித்திருந்தாலும் தையல் ஓரிடத்தில்கூட விடவில்லை. ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் ஒரு கண்ணாடித் தடுப்பின் இரு பக்கமும் துணியாகவும் தோலாகவும் இருக்கிறது. திறந்த கூண்டை மாட்டிவிட்டால் இதெல்லாம் எங்கே இருக்கும்?

"அழகான கார்கள் எல்லாம் திறந்த கார்கள்தானே" என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தின் துணிச்சலான யோசனைகளை நான் தேடிப் போனால் கூரையுள்ள கார்களிலேயே போய் நிற்கிறேன்.

1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் டியூசன்பர்க் வைத்த காரை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டன் பியூரிக் வரைந்தது, நியூயார்க்கின் ரோல்ஸ்டன் கட்டியது. விலை 20,000 டாலர் என்பதால் 'ட்வென்டி கிராண்ட்' என்றே அதற்குப் பெயர் ('கிராண்ட்' என்றால் அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஆயிரம் டாலர்). நாடே வேலையில்லாமல் வரிசையில் நின்ற ஆண்டில் அந்த விலை நியாயமா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. ஆனால் இன்று கலிபோர்னியாவின் நெதர்கட் காட்சியகத்தில் நிற்கும் அந்தக் காரின் கூரைக்கோடு பின்னால் சரிந்து இறங்குவதைப் பார்த்தவர்கள், அது ஒரு செடான் என்பதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அதே 1933-இல் பஃபலோவின் பியர்ஸ் ஆரோ கொண்டுவந்த சில்வர் ஆரோ. பன்னிரண்டு சிலிண்டர், 10,000 டாலர், கட்டியது ஐந்தே ஐந்து. பக்கவாட்டில் கால் வைக்கும் பலகை இல்லை, மட்கார்டு தனியே துருத்தி நிற்கவில்லை, கூரை வால்வரை ஒரே ஓட்டமாக வழிகிறது. அதுவும் மூடிய கார்.

நெஞ்சுக்கு மிக நெருக்கமானது கிளீவ்லாந்தின் பியர்லெஸ். பதினாறு சிலிண்டர் எஞ்சின், சட்டம், கூண்டு என எங்கும் அலுமினியம். மர்ஃபி கட்டிய ஒரு செடான். மாதிரிக்காகச் செய்த ஒற்றைக் கார். அது விற்பனைக்கு வருவதற்குள் நிறுவனம் கார் செய்வதையே விட்டுவிட்டது. மதுவிலக்கு நீங்கியதும் அதே தொழிற்சாலையில் பீர் காய்ச்சினார்கள். அந்தக் கார் மட்டும் தொழிற்சாலைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் பதுங்கி இருந்து பிழைத்துக்கொண்டது. இன்றும் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வெளியே வந்து யார் கையிலாவது அகப்பட்டிருந்தால், அந்த மெல்லிய தூண்களுக்கும் கூரைக்கும் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இவை தப்பித்தவை. தப்பிக்காதவைதான் அதிகம். பொருளாதாரப் பெருவீழ்ச்சி வாங்குபவர்களைக் கொண்டுபோனது. கேடிலாக்கின் பதினாறு சிலிண்டர் கார் 1930 ஜனவரியில் வந்தது. 1940 வரை மொத்தம் நான்காயிரத்துச் சொச்சம் விற்றதில் பாதிக்கும் மேல் தொடக்கத்திலேயே விற்றுத் தீர்ந்தது, 1930-களின் நடுவில் ஆண்டுக்கு ஐம்பது அறுபது என்று இழுத்துக்கொண்டிருந்தது. மர்ஃபி 1932-இல் மூடினார்கள். டியூசன்பர்க் 1937-இல் முடிந்தது, பியர்ஸ் ஆரோ 1938-இல். கூண்டும் சட்டமும் ஒன்றாகப் பிணைந்த கார்கள் வரத் தொடங்கியதும் கூண்டு கட்டுபவருக்குக் கட்டுவதற்குச் சேசிஸே இல்லாமல் போயிற்று. ட்வென்டி கிராண்டை வரைந்த அதே பியூரிக்தான் தனிச் சேசிஸ் இல்லாத கார்ட் 810 காரையும் வரைந்தார் என்பது எனக்கு எப்போதும் மனத்தை உறுத்தும் செய்தி. பிறகு போர் வந்தது. பெட்ரோலும் டயரும் பங்கீட்டில், பழைய இரும்புக்கு ஊரூராகச் சேகரிப்பு. பெட்ரோலைக் குடிக்கும் பத்து வயது லிமோசினை யார் காப்பாற்றி வைப்பார்கள்? சில வெட்டுப்பட்டு, பழுதான வண்டிகளை இழுக்கும் லாரிகளாயின.

இத்தனைக்கும் தப்பியவற்றைக் கொன்றது அன்பு. போருக்குப் பிறகு இந்தக் கார்களின் மேல் ஆசை கொண்டவர்கள் வந்தார்கள். 1952-இல் அமெரிக்க கிளாசிக் கார் கிளப் உருவானது. அவர்கள் இல்லாவிட்டால் இன்று ஒன்றும் மிஞ்சியிருக்காது, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த ஆசைக்குத் திறந்த கார்தான் பிடித்தது. நடிகர் கேரி கூப்பரின் டியூசன்பர்க், குறுகிய சேசிஸில் திறந்த கூண்டோடு கட்டியது, 2018-இல் 2.2 கோடி டாலருக்கு ஏலம் போனது. அப்படி ஒரு விலை கண்ணில் படும்போது, பாட்டி ஒருத்தி தேவாலயத்துக்குப் போய் வந்த லிமோசினின் கூரை கண்ணுக்கு பாரமாகத் தெரிகிறது. கழற்றுகிறார்கள். புகழ்பெற்ற திறந்த கூண்டு ஒன்றின் அளவுகளை எடுத்து நகல் செய்து மாட்டுகிறார்கள்.

எதிர்வாதம் உண்டு, அது பலமானதும்கூட. அந்தக் காலத்திலேயே உரிமையாளர்கள் கூண்டை மாற்றினார்கள். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருந்தவர்களும் உண்டு. சிகாகோவில் பழைய டியூசன்பர்க் விற்ற வியாபாரி ஒருவர் இதன் கூண்டை அதற்கும் அதன் கூண்டை இதற்கும் மாற்றியே தொழில் நடத்தினார். "பிரித்து மாட்டுவதற்கென்றே செய்ததைப் பிரித்தால் என்ன பாவம்?" என்று கேட்கிறார்கள். அன்று மாறியது ஒரு கூண்டு இன்னொரு சேசிஸுக்கு. இரண்டும் அந்தக் காலத்துக் கைகள் செய்தவை, இரண்டும் ஓடின. இன்று நடப்பது வேறு. வில்லோபியின் தச்சர் செய்தது தார்ப்பாய்க்கு அடியில் போகிறது. அதன் இடத்தில் வருவதை அன்று யாருமே செய்யவில்லை. கூண்டு மட்கி உதிர்ந்து, மீட்கவே வழியில்லாத சேசிஸ் கிடைத்தால் நகல் கூண்டு கட்டுங்கள், நானும் வந்து கை தட்டுகிறேன். நல்ல நிலையில் உள்ள கூண்டை இறக்குவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

கார் விழாக்களை நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காருக்கு முன்னால் வைக்கும் அறிவிப்பு அட்டையில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: இந்தச் சேசிஸ் எந்தக் கூண்டோடு பிறந்தது, அந்தக் கூண்டு இப்போது எங்கே இருக்கிறது. பதில் எழுத வெட்கப்படுபவர்கள் கழற்றும்முன் ஒரு முறை தயங்குவார்கள். இண்டியானாவின் ஆபர்ன் நகரில், 1930-இல் கட்டிய பழைய நிறுவனக் கட்டடத்திலேயே இயங்கும் ஆபர்ன் கார்ட் டியூசன்பர்க் அருங்காட்சியகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் போகிறேன். அங்கே மக்கள் திறந்த கார்களின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். மூடிய கார்களின் முன்னால் குழந்தைகள்தான் நிற்கிறார்கள், கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு.

அந்த லிங்கன் கூண்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். இடம் அடைக்கிறது, குளிர்காலத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்றார். நான் வாடகை வீட்டுக்காரன். முழுக் கூண்டை வைக்க எனக்கு இடமில்லை. அருங்காட்சியகம் எதுவும் ஏற்றுக்கொள்ளுமா என்று இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவைப் படிப்பவர்களில் யாருக்காவது வழி தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பின்பக்க வலது கதவு கீலிலிருந்து முன்பே கழன்று கிடந்தது. அதை மட்டும் கேட்டேன், கொடுத்துவிட்டார். இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்றினோம்.

இப்போது என் கார் கொட்டகையில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. உட்புறத் துணியை மெல்ல விலக்கிப் பார்த்தபோது ஆஷ் சட்டத்தின் மேல் பென்சிலால் ஓர் எண் இருந்தது. யுடிகாவில் ஒரு தச்சர் இது எந்தக் காரின் கதவு என்று மறக்காமலிருக்கக் குறித்துவைத்தது. கைப்பிடியைச் சுற்றினேன். முதலில் கொஞ்சம் அடம்பிடித்தது. பிறகு கண்ணாடி ஓசையே இல்லாமல் மேலேறி, மேல் விளிம்பின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது.