வெளியே போலீஸ், உள்ளே பதிவு

கிட்டாரைக் கையில் எடுக்கும் எல்லோரும் முதல் வாரமே வாசித்துப் பார்ப்பது ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ (தண்ணீர்மேல் புகை) பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன கிட்டார் மெட்டு. அதனாலேயே பலருக்கு அது சலித்துவிட்டது. ஆனால் அது இடம்பெற்ற, டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டவர்கள் குறைவு. ஏழே பாட்டு, நாற்பது நிமிடம்கூட இல்லை. கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சத்தான் இந்தப் பதிவு.

1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழு சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ ஊருக்கு வந்தது. மேடையில் வருகிற சூடு ஸ்டுடியோவுக்குள் வருவதில்லை என்பது அவர்களுடைய குறை. அதனால் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோ லாரியை வாடகைக்கு எடுத்து, ஏரிக்கரை கேசினோ அரங்கில் பதிவு செய்வதாக ஏற்பாடு. டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ கூரையைப் பார்த்து ஃப்ளேர் துப்பாக்கியால் (தீச்சுடரை எறியும் துப்பாக்கி) சுட, கட்டடமே எரிந்துபோனது. ஜெனீவா ஏரிமேல் புகை படர்ந்ததைக் குழுவினர் கண்ணால் பார்த்தார்கள். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ என்ற வரி பாட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

அடுத்து பெவிலியன் என்ற அரங்கம். இரவில் அவ்வளவு சத்தமாக வாசித்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? போலீஸ் வந்துவிட்டது. உதவியாளர்கள் உள்ளிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே ஒரு டேக், அதாவது ஒரு முழு வாசிப்பின் பதிவு, ஓடி முடிந்தது. உலகமே முணுமுணுக்கிற அந்த ரிஃப் பதிவானது அந்த டேக்கில்தான். அப்போது அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

கடைசியாகக் கிடைத்தது குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல். நடைபாதையில் மெத்தைகளைச் சாத்தி எதிரொலியை அடக்கி, வாத்தியங்களை வைத்தார்கள். லாரி வெளியே நின்றது. வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறைகளுக்குள் புகுந்து, பால்கனி தாண்டி லாரிக்குப் போக வேண்டும். ஒரு கட்டத்தில் போவதையே விட்டுவிட்டார்கள். டேக் நன்றாக வந்ததா என்பதைத் தங்கள் காதை நம்பி அங்கேயே முடிவு செய்தார்கள்.

அந்த ஆல்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். திரும்பத் திரும்பக் கேட்டுச் செதுக்கியிருந்தால் இந்த முரட்டுத்தனம் போயிருக்கும். சரி, ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச்சின் பங்கையும் சொல்லியாக வேண்டும். மெத்தை சாத்திய ஒரு நடைபாதையில் இவ்வளவு தெளிவான ஒலியை எடுப்பது லேசான வேலையா?

ஹெட்ஃபோனில் ‘ஸ்மோக்’ தொடக்கத்தை மட்டும் கவனியுங்கள். முதலில் ரிட்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாக. அப்புறம் டிரம்மர் இயன் பெய்ஸின் ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத்தட்டு), அதோடு ஜான் லார்டின் ஆர்கன். பிறகு முழு டிரம்ஸ். ரோஜர் குளோவரின் பேஸ் கிட்டார் கடைசியில்தான் நுழைகிறது. அது நுழையும் நொடியில் பாட்டுக்குக் கால் முளைத்துவிடும். லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை, கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக ஓடவிட்டவர். எது கிட்டார், எது ஆர்கன் என்று காது தடுமாறுவது அதனால்தான்.

ஒரே ஒரு வருத்தம். அதே நாட்களில் பதிவான ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’ பாட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் ஒரு சிங்கிளின் (தனிப்பாட்டு இசைத்தட்டு) பின்பக்கத்தில் போட்டுவிட்டார்கள். பாடகர் இயன் கில்லன் அவ்வளவு மென்மையாகப் பாடியது அபூர்வம். ஏழும் கேட்டு முடித்ததும் அதைத் தேடி எட்டாவதாகக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன்.