ராத்திரி மீன் தொட்டி ஃபில்டரை அணைக்காதீர்கள்

"மீன் தூங்கும்போது ஃபில்டர் எதற்கு, இரவில் அணைத்தால் கரன்ட் பில் பாதியாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். சின்னத் தொட்டிக்கான ஃபில்டர் சுமார் 5 வாட் எடுக்கும். தினமும் 8 மணி நேரம் அணைத்தால் மாதத்துக்கு மிச்சமாவது 1.2 யூனிட், அவ்வளவுதான். தொட்டித் தண்ணீரைச் சூடாக வைக்கும் 100 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் ஓடினாலே மாதம் 36 யூனிட் ஆகிவிடும். செலவு இருப்பது அங்கேதான்.

ஃபில்டர் வெறும் குப்பை வடிகட்டி இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சைத் தீங்கு குறைந்ததாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சில்தான் குடியிருக்கிறது. நீரோட்டம் நின்றால் அதற்கு ஆக்சிஜன் கிடைக்காது. போதாததற்கு, இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஒருமுறை இரவு முழுக்கக் கரன்ட் இல்லாமல் போய், காலையில் என் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்தேன். இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

சரி, எதில் மிச்சம் பிடிப்பது? தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடுங்கள். நீர் ஆவியாகும்போதுதான் சூடு நிறைய வெளியேறுகிறது. பின்புறமும் பக்கங்களிலும் தெர்மாகோல் ஒட்டுங்கள். அப்புறம், பழைய குழல்விளக்கு இருந்தால் எல்இடிக்கு மாறி, டைமரில் 8 மணி நேரம் மட்டும் எரிய விடுங்கள். அடைத்துப்போன பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் வேண்டாம். குளோரின் இருந்தால் பாக்டீரியா செத்துவிடும்.