கிரவுண்டைப் பார்க்காமல் கிரவுண்டைச் சொல்கிறவர்கள்

ஒரு பெரிய விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் ஐந்து ஐபிஎல் சீசன் வேலை பார்த்தேன், மும்பையில். ஊருக்குப் போனால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "உனக்கென்னப்பா, கிரவுண்டுல உக்காந்து மேட்ச் பாக்கற, சம்பளமும் வாங்கற." அந்த ஐந்து சீசனில் வேலைக்காக ஒரு தடவைகூட நான் கிரவுண்டுக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் கமென்டேட்டர்களும் அப்படித்தான்.

"தமிழ் கமென்ட்ரின்னா வெறும் அரட்டை" என்று வருஷா வருஷம் பதிவுகள் வருகின்றன. பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திட்டு முழுக்க மைக் முன்னால் இருப்பவர்மேல் விழுவது எனக்கு வலிக்கிறது.

எல்லா மொழிக்கும் ஒரே படம்தான் வரும். வேர்ல்ட் ஃபீட் என்போம். எந்த கேமரா, எப்போது ரீப்ளே என்பதெல்லாம் கிரவுண்டில் இருக்கும் டைரக்டர் முடிவு. கூட்டத்தின் சத்தம் தனியாக வரும். மும்பையில் ஒரு சின்ன அறையில் இரண்டு மூன்று பேர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மானிட்டரைப் பார்த்துப் பேசுவார்கள். பக்கத்து அறையில் நான். அவர்கள் காதில் பேசுவதுதான் என் வேலை. "அடுத்து ரீப்ளே வருது", "இந்த ஓவர் முடிஞ்சதும் பிரேக்", "அஞ்சு செகண்ட், முடிச்சுக்குங்க சார்." ஆறாவது பந்து விழும்போது என் கண் கடிகாரத்தில் இருக்கும். அந்தப் பந்தில் விக்கெட் விழுந்திருந்தால் சத்தத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

சரி, அந்த மானிட்டரில் என்ன தெரியும்? உங்கள் வீட்டு டிவியில் தெரிவதுதான். பாயிண்ட் என்கிற இடத்தில் நின்ற ஃபீல்டரை கேப்டன் நாலடி தள்ளி நிற்கச் சொன்னது தெரியாது. கேமரா காட்டினால்தான் உண்டு. நீங்களும் கமென்டேட்டரும் ஒரே படத்தைப் பார்க்கும்போது, உங்களுக்குத் தெரியாத எதை அவர் புதிதாகச் சொல்ல முடியும்? பழைய கதை சொல்வார், பக்கத்திலிருப்பவரைக் கலாய்ப்பார், பஞ்ச் டயலாக் விடுவார். ஒரு சீசனில் 74 ஆட்டம். எத்தனை நாளைக்குத்தான் கதை இருக்கும்?

2023 இறுதி ஆட்டத்தை மறக்கவே முடியாது. மே 28, ஞாயிறு, அகமதாபாத்தில் டாஸ்கூடப் போடவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காகப் பேசினோம். திங்கள் மறுபடி. குஜராத் அணிக்காக சாய் சுதர்சன் 47 பந்தில் 96. நம்ம சென்னைப் பையன், சென்னைக்கு எதிராக! அப்புறம் சென்னை மூன்று பந்து ஆடியதும் திரும்ப மழை. நள்ளிரவு தாண்டி ஆரம்பித்தபோது 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறியிருந்தது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன். ஜடேஜா நேராக ஒரு சிக்ஸர் அடித்தார். மிச்சம் 4. கமென்ட்ரி அறையில் ஒருவர் மைக்கை அணைத்துவிட்டு டாக்பேக்கில், அதாவது எனக்கு மட்டும் கேட்கும் லைனில், கேட்டார்: "ஃபைன் லெக் உள்ள இருக்கானா, வெளிய இருக்கானா?" பேட்ஸ்மேனுக்குப் பின்னால் கால் பக்கம் நிற்கும் ஃபீல்டரைக் கேட்டார். ஆறு மானிட்டர் இருந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பந்து ஷார்ட் ஃபைன் லெக்கை, அதாவது உள்ளே நின்ற அந்த ஃபீல்டரைத் தாண்டி ஓடியபோதுதான் எங்களுக்கும் தெரிந்தது, உங்களுக்குத் தெரிந்த அதே நொடியில். கிரவுண்டில் இருந்திருந்தால் அந்த இடைவெளியை முன்கூட்டியே சொல்லியிருப்பார். அவருக்கு அந்த அறிவு உண்டு. நாங்கள் அவருக்கு ஜன்னல் கொடுக்கவில்லை.

முன்பு சென்னை வானொலியில் அப்துல் ஜப்பாரும் இராமமூர்த்தியும் சேப்பாக்கத்திலேயே உட்கார்ந்து கமென்ட்ரி சொன்னார்கள். யார் எங்கே நிற்கிறார், எந்த முனையிலிருந்து பந்து வருகிறது, எல்லாம் வார்த்தையிலேயே வந்தாக வேண்டும். அப்பா டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார். சேப்பாக்கத்தைப் பார்க்காமலே அதன் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும்.

2024 செப்டம்பரில் லீவு போட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, சேப்பாக்கத்தில் வங்கதேச டெஸ்டின் முதல் நாளுக்குப் போனேன். இந்தியா 144 ரன்னுக்கு 6 விக்கெட் போன பிறகு அஸ்வினும் ஜடேஜாவும் ஆடினார்கள். சாயங்காலம் அஸ்வின் சதம். ஆட்டத்தைவிட ஃபீல்டர்களைத்தான் அதிகம் பார்த்தேன். ஓவருக்கு ஓவர் கவர் பக்கம் காலியாவதும், டீப்பில், எல்லைக்கோட்டுப் பக்கம், ஆள் போவதும், பவுலர் கை காட்டிக் கத்துவதும். என் பாட்டுக்கு முணுமுணுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டுத் தாத்தா திரும்பிப் பார்த்துவிட்டு, "சத்தமா சொல்லுப்பா, எனக்கு அவ்வளவு தூரம் கண்ணு தெரியல" என்றார். தேநீர் இடைவேளை வரைக்கும் அவருக்காகச் சொன்னேன். ஐந்து வருஷத்தில் நான் செய்த நல்ல வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

செலவு என்பார்கள். 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. சென்னை அணி லீக்கில் சொந்த ஊரில் ஆடுவது ஏழு ஆட்டம். அந்த ஏழுக்கு நாலு பேரையும் ஒரு சவுண்ட் இன்ஜினியரையும் சேப்பாக்கத்துக்கு அனுப்புவது எந்தக் கணக்கில் பெரிய செலவு? மார்ச் வந்தால் மெயில் போடுவேன். "நல்ல யோசனை, அடுத்த சீசன் பார்க்கலாம்" என்று பதில் வரும்.

இப்போது நான் அங்கே இல்லை. என் இடத்தில் இருக்கும் தம்பி இந்த வருஷமும் கேட்டிருக்கிறான். அடுத்த தடவை கமென்ட்ரி சரியில்லை என்று எழுதும்போது, "இவங்களை கிரவுண்டுக்கு அனுப்புங்க" என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்தக் கமென்ட்டுகளை எண்ணிப் பார்க்க உள்ளே ஆள் இருக்கிறார்கள்.