பில் ஜாக்சனின் கணக்கில் ஒன்று குறைகிறது

கூடைப்பந்துப் பயிற்சியாளராக பில் ஜாக்சன் எத்தனை சாம்பியன் பட்டம் வென்றார் என்று கேளுங்கள். எல்லோரும் 11 என்பார்கள். அமெரிக்காவின் முதன்மை லீகான என்பிஏவில் சிகாகோ புல்ஸுடன் 6, லேக்கர்ஸுடன் 5. 1984-ல் ஆல்பனி பேட்ரூன்ஸ் அணிக்கு அவர் வாங்கித் தந்த பட்டத்தை யாரும் சேர்ப்பதே இல்லை. சின்ன லீக் என்றால் அவ்வளவு இளப்பமா?

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் ஆல்பனி. 1982-ல் அங்கே பிறந்த இந்த அணி சிபிஏ என்ற இரண்டாம் நிலை லீகில் ஆடியது. ராணுவத்துக்காகக் கட்டிய பழைய ஆர்மரி கட்டடம்தான் சொந்த மைதானம். அந்த லீகின் புள்ளிக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். லீக் பட்டியலுக்கு ஒரு ஆட்டத்திலிருந்து மொத்தம் 7 புள்ளி. ஜெயித்தால் 3, மீதி 4, ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் (கால் பகுதி) ஜெயிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. 25 பாயிண்ட் பின்தங்கிக் கிடக்கும் அணிகூட கடைசி குவார்ட்டரை விட்டுக்கொடுக்காது. தோற்பது உறுதியானதும் மாற்று ஆட்களை இறக்கி நேரத்தைப் போக்கும் வேலையெல்லாம் அங்கே எடுபடாது. என்பிஏ இதை இன்றைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

1983-ல் பொறுப்பேற்ற ஜாக்சன் வெளியூர் ஆட்டங்களுக்கு வேனைத் தானே ஓட்டிப் போனார். எல்லா வீரருக்கும் ஒரே சம்பளம், ஆடும் நேரமும் ஏறக்குறைய சமம் என்று வைத்தார். அடுத்த ஆண்டே இறுதித் தொடரில் வயோமிங் அணியை 3-2 என வீழ்த்தினார்கள். சிகாகோவின் நட்சத்திரங்களான ஜோர்டனையும் பிப்பனையும் ஒன்றாக ஆட வைத்த மனிதர் அந்த வித்தையைப் பழகியது இங்கேதான்.

அவருக்குப் பிறகும் அணி சோடை போகவில்லை. 1987-88-ல் பில் மஸ்ஸல்மேன் 48 வெற்றி, 6 தோல்வியோடு பட்டம் வென்றார். 1990-91-ல் ஜார்ஜ் கார்ல் 50-6. சொந்த ஊரில் ஆடிய 28 லீக் ஆட்டத்திலும் வெற்றி! ஆனால் பிளேஆஃபில் வெளியேறினார்கள். சீசன் நடுவில் என்பிஏவிலிருந்து போன் வந்தால் 10 நாள் ஒப்பந்தத்துக்கு வீரர் கிளம்பிவிடுவார். அந்த சீசனில் மரியோ எலி அப்படித்தான் போனார். பின்னாளில் 3 என்பிஏ பட்டம் வென்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆளை வளர்த்துக் கொடுத்த ஊருக்கு என்ன மிஞ்சியது என்றுதான் கேட்கிறேன்.

1992-ல் பெயரை மாற்றினார்கள், 1993-ல் அணியையே ஹார்ட்ஃபோர்டுக்குத் தூக்கிப் போனார்கள். 2005-ல் பேட்ரூன்ஸ் பெயர் திரும்பி வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2018-ல் வேறொரு சிறிய லீகில் மறுபடி ஆரம்பித்து 2019-ல் பட்டம் வென்றார்கள். அப்போதைய பயிற்சியாளர் டெரிக் ரோலண்ட், ஜாக்சனிடம் ஆடியவர். என்பிஏவில் அவருக்குக் கிடைத்தது வெறும் 2 ஆட்டம். ஆல்பனிக்கோ ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உழைத்துக் கொடுத்தவர். பேட்ரூன்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜாக்சனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் பத்தியிலேயே ரோலண்ட் பெயர் வர வேண்டும் என்பது என் கட்சி.