அரசு மரியாதை கிடைத்தது, ஓட்டு கிடைக்கவில்லை

ஊத்தங்கரைப் பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு பெயிண்டர் அண்ணன் இருந்தார். விபத்தில் மூளைச்சாவு அடைந்து, சிறுநீரகம், கல்லீரல், கண்கள் என்று கொடுத்துவிட்டுப் போனவர். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. மலர்வளையம் வைத்த படம் ஊரில் உள்ள எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. கீழே 'மாமனிதர்' என்று போட்டவர்களில் எத்தனை பேருக்கு அவர் ஓட்டே இல்லாத மனிதர் என்று தெரியும்? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

1990-இல் சிறு பையனாகப் படகில் வந்தவர். முகாமில் பாதி ஆண்களைப் போல அவருக்கும் பெயிண்ட் வேலைதான். ஸ்கூட்டரின் முன்னால் வாளியும் பிரஷ்ஷும். சீட்டுக்கு அடியில் பழைய போர்வை, டார்ச், ஒரு ஜோடி கையுறை. திருவண்ணாமலை ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுவார். 108 வரும்வரை தலையை அசைக்க விடாமல் பிடித்துக்கொண்டு, "தம்பி, கண்ணை மூடாதேங்கோ, என்னோட கதையுங்கோ" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். போலீஸ், கேஸ் என்று நாமெல்லாம் ஒதுங்கிப் போகிற இடம் அது. கொரோனா ஊரடங்கில் நடந்தே ஊருக்குக் கிளம்பிய வடமாநிலத் தொழிலாளர்களுக்கு முகாம் பெண்களோடு சேர்ந்து சோறு கட்டிக் கொடுத்தார். பள்ளி திறக்கும் முன் கரும்பலகைக்குப் பெயிண்ட் அடிப்பார். "கூலி வேண்டாம், பெயிண்ட் மட்டும் வாங்கித் தாங்கோ" என்பார்.

கடைசியில் அவரையே ஒரு லாரி அடித்துப் போட்டது. வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, ஆனால் மூளை செத்துவிட்டது என்கிறார்கள். எந்தக் குடும்பம் சட்டென்று நம்பும்? நான்கு டாக்டர்கள் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்துத்தான் மூளைச்சாவை உறுதி செய்கிறது. சொந்தக்காரர்கள் சிலர் உடம்பைக் கூறு போடவா என்று சண்டைக்கே வந்தார்கள். (விபத்து கேஸ் என்றால் எப்படியும் போஸ்ட்மார்ட்டம் உண்டு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.) அவர் மனைவி, எங்கள் அக்காதான் அசையவில்லை. "அவர் எனக்கு முந்தியே சொல்லி வச்சவர்" என்று கையெழுத்துப் போட்டார். 2008-இல் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த செய்தி வந்தபோதே அண்ணன் வீட்டில் பேசியிருக்கிறார். உறுப்பு தான அட்டை பர்ஸில் இருந்தாலும் நம்மூரில் குடும்பம் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. அதனால் அட்டை வாங்குகிறவர்கள் முதலில் வீட்டில் சொல்லி வையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று முதல்வர் ஸ்டாலின் 2023 செப்டம்பரில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, எனக்கு மறுபேச்சு இல்லை. இறந்தவர் எந்த நாட்டுக்காரர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவருடைய சிறுநீரகம் யாருக்குப் போனதோ, அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். உயிரோடு இருந்தவரைதான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெளியூரில் போய்த் தங்க வேண்டும் என்றால் அனுமதி. ஆள் சரிபார்க்கும் பதிவு நாளில் வேலையை விட்டுவிட்டு முகாமில் நிற்க வேண்டும். விசா இல்லாமல் படகில் வந்தவர் என்பதால் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறியாகவே இருந்தார். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தவர்களுக்கு வழிவிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

அவர் மகள் ஊத்தங்கரையில் பிறந்து நம் பிள்ளைகளோடு படித்தவள். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அவளுக்கு இரண்டு பக்கமும் முகாம். அப்பா உறுப்புகளைக் கொடுத்த நாட்டில் மகள் இன்னும் அந்நியர்.

மாநில அரசு முகாம்களில் புது வீடுகள் கட்டித் தருகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில். அதற்காக நம் கட்சிகள் நாடாளுமன்றத்தில் அவ்வப்போது பேசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றன. அந்தப் படத்தை ஃபார்வர்டு செய்த நாமும் அப்படித்தான் போய்விட்டோம். அடுத்த தேர்தலுக்கு எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ரோடு, தண்ணீர் எல்லாம் அப்புறம். அந்தப் பெண்ணுக்கு எப்போது குடியுரிமை என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன். கூட நின்று கேட்க ஆள் இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள்.